கிளம்பிவிட்டோம், பதற்றப்பட வேண்டாம்

தொலைபேசியை நாலாவது முறை அடிக்க விட்டால் பூட்டுக்கடை அக்காவுக்கு அது பெரிய குற்றம். வாயில் சோறு இருக்கட்டும், தலையில் சோப்பு இருக்கட்டும், மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். சாவியை உள்ளே விட்டுவிட்டு வாசலில் நிற்கிறவனுக்கு நாலாவது மணி ஒரு யுகம் என்பாள். வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை, அதற்காக அவள் அழுததும் இல்லை. தம்பியின் பூட்டுக் கடையில் பதினோரு வருடமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி பையைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் போய்ப் பூட்டுத் திறப்பான். அவனை எந்த வீட்டுக்கு, எந்த மாடிக்கு, எத்தனை நிமிடத்தில் அனுப்புவது என்பது அக்காவின் பொறுப்பு.

இப்படிப்பட்டவள் ஒரு புதன்கிழமை மதியம், ஐந்து மாதக் குழந்தை இருந்த வீட்டிலிருந்து வந்த செய்தியை நாற்பத்திரண்டு நிமிடம் பார்க்காமல் இருந்தாள். அது எப்படி என்று சொல்வதற்கு முன்னால் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவளைச் சோம்பேறி என்று நினைத்துவிடுவீர்கள், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

பூட்டுக் கடைக்கு வருவதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்த்தாள். எந்த டாக்டர் எந்த அறையில் இருக்கிறார், எந்த நர்ஸ் சாப்பிடப் போயிருக்கிறாள் எல்லாம் அவளுக்கு விரல்நுனியில். ஒருநாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டு, உங்களுக்கு நல்ல குரல், இதைக் கொஞ்சம் படியுங்கள் என்று ஒரு தாளையும் மைக்கையும் நீட்டினார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருங்கள் என்று எழுதியிருந்தது. அவளும் பெருமையாக, ஏற்ற இறக்கத்தோடு படித்துக் கொடுத்தாள். பதினைந்து நாளில் அவள் நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு பெட்டியை வைத்தார்கள். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அடுத்த வருடம் தம்பி ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது அதே மருத்துவமனைக்குப் போன் செய்தாள். தயவுசெய்து காத்திருங்கள் என்று அவள் குரலே அவளிடம் சொன்னது. தம்பி தரையில் கிடந்து முனக, அவள் ஒன்பது நிமிடம் தன் குரலையே கேட்டுக்கொண்டு நின்றாள். பதில் சொல்கிற பெட்டிகள் மேல் அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வெறுப்பு. நம் கடையில் மனுஷிதான் எடுப்பாள் என்று தம்பியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

தொலைபேசி மட்டும் இருந்தவரை அந்தச் சொல் நின்றது. பிறகுதான் இணையத்தில் பக்கங்கள் வந்தன.

முதல் பக்கம் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. வாடிக்கையாளர் ஒருவர், இந்தக் காலத்தில் உங்களுக்கு ஒரு பக்கம்கூட இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றே அக்கா ஒன்றைத் திறந்தாள். அதில் இருந்தவர்கள் எல்லாரும் வயதானவர்கள், எதைப் போட்டாலும் ஆசீர்வாதம் செய்தார்கள், அதனால் அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தாள். அடுத்தது படத்துக்கான பக்கம், அது மினுக்கி. சாவியை வெயிலில் வைத்துப் பளபளவென்று எடுத்தால்தான் அது ஏறெடுத்துப் பார்க்கும். மூன்றாவதில் ஆடினால்தான் கூட்டம். கூத்து என்று அதற்குப் பெயர். ஒருமுறை தம்பியைத் துளையிடும் கருவியோடு இரண்டு அடி ஆட வைத்தாள், அவன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. கோட்டு போட்டவர்கள் உலவுகிற பக்கம் ஒன்று. முன்பின் தெரியாதவர்களுக்கு வேலையில் ஆறு வருடம் முடித்ததற்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். பிறகு தெருக்காரர்கள் ஒருவரையொருவர் கோள் சொல்லும் பக்கம். நட்சத்திரம் போடும் பக்கம். ஆக ஆறு.

ஆறுக்கும் ஒரே சாவியின் படம்தான், ஆனால் ஒன்றுக்குச் சதுரமாக வேண்டும், ஒன்றுக்கு நீளமாக, ஒன்றுக்கு அகலமாக. ஒன்றில் பேச்சு வழக்கில் எழுத வேண்டும், இன்னொன்றில் ஐயா, அம்மணி என்று குழைய வேண்டும். கடவுச்சொற்களை எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் ரேஷன் அட்டை மாதிரி நைந்துபோயிருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது பெரியம்மாவுக்குப் பதில், பஸ்ஸுக்கு நிற்கும்போது கோட்டுக்கு வாழ்த்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் நட்சத்திரக்காரனிடம் மன்னிப்பு. கழுத்து ஒரு பக்கமாகவே வளைந்துவிட்டது. தம்பி மட்டும், சும்மா உட்கார்ந்துதானே இருக்கே என்பான். ஒருநாள் அவன் தலையில் பூட்டால் அடித்திருப்பாள், பூட்டு விலை அதிகம் என்பதால் விட்டாள்.

எல்லாவற்றையும்விட அவளை வாட்டியது ஒரு மஞ்சள் குறி. ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் கடைப் பெயருக்குக் கீழே, மெதுவாகப் பதில் சொல்பவர் என்று போட்டுவிடுவார்கள். மூன்றாவது மணிக்குள் போன் எடுத்தே வாழ்ந்தவளுக்கு அது நெற்றியில் சூடு போட்ட மாதிரி.

ஏழாவது பக்கம் ஆறு மாதத்துக்கு முன் வந்தது. எதிர்த் தெருப் பூட்டுக்காரன் அதில் இருக்கிறான் என்று தம்பி எங்கோ கேள்விப்பட்டு வந்தான். திறந்தாள். மூன்று மாதத்தில் இரண்டே பேர் வந்தார்கள், அதில் ஒருவன் உடம்பு இளைக்கப் பொடி விற்பவன். அதற்கு அநாதை என்று பெயர் வைத்தாள். ஆள் வரவில்லையே தவிர அநாதைக்கும் கோபம் வந்தது, மஞ்சள் குறி போடுவேன் என்று மிரட்டியது. கூடவே ஒரு வழியும் காட்டியது. நீங்கள் இல்லாதபோது உங்களுக்குப் பதிலாக நானே பதில் சொல்லட்டுமா, என்ன சொல்லட்டும் என்று ஒரு கட்டத்தைத் திறந்து காட்டியது.

அக்கா அன்று முழுக்க அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. மறுநாள் மினுக்கியில் ஒரு தகராறு, கழுத்தில் வலி. சரி, யார் வரப்போகிறார்கள் என்று உட்கார்ந்து அடித்தாள். வேறென்ன எழுதத் தெரியும் அவளுக்கு? பதினோரு வருடமாகப் போனில் என்ன சொல்வாளோ அதையே எழுதினாள். வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. கிளம்பிவிட்டோம். பதற்றப்பட வேண்டாம்.

அநாதை குளிர்ந்துபோய், உடனடியாகப் பதில் சொல்பவர் என்று பச்சைக் குறி போட்டது. அக்கா அந்தப் பக்கத்தின் ஓசையை அணைத்துவிட்டு, தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதாக நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தப் புதன்கிழமை. மூன்று நாள் முன்னால் கடையின் பழைய தொலைபேசி இணைப்பை எடுத்துவிட்டார்கள், புது எண் அக்காவின் கைபேசிக்கே வந்துவிட்டது. ஏழு பக்கத்திலும் எண்ணை மாற்ற வேண்டும். மாற்றப் போனால், நீங்கள்தான் என்று உறுதி செய்யப் பழைய எண்ணுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்றது பெரியம்மா. செத்துப்போன எண்ணில் போய் எதைப் பார்ப்பது? திங்கள் இரண்டு பக்கம், செவ்வாய் மூன்று பக்கம், தலையால் தண்ணீர் குடித்து மாற்றினாள். புதன் மூன்று மணிக்கு ஆறாவது முடிந்தது. அநாதையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று டீயைக் கையில் எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். ஒரு வேலையை மிச்சம் வைத்துவிட்டு டீ குடிக்கிற ஜாதி இல்லை அவள். போனில் அநாதையைத் திறந்தாள். மணி மூன்று பத்து.

மூன்று செய்திகள் இருந்தன. முதலாவது இரண்டு இருபத்தெட்டுக்கு வந்திருந்தது. பால்கனியில் துணி காயப்போட வந்தேன், கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. உள்ளே ஐந்து மாதக் குழந்தை தூங்குகிறது. அடுப்பில் பால் பாட்டில்கள் கொதிக்கின்றன, தண்ணீர் முக்கால் மணி நேரம் தாங்கும். உங்கள் எண் போகவில்லை. மனைவி வேலை செய்யும் இடத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். உடனே வாருங்கள்.

அதற்குக் கீழே, அதே இரண்டு இருபத்தெட்டுக்கு, அக்காவின் பதில். கிளம்பிவிட்டோம். பதற்றப்பட வேண்டாம்.

அதற்குக் கீழே, ரொம்ப நன்றி, இப்போதுதான் உயிர் வந்தது என்று ஒரு வரி. கடைசிச் செய்தி இரண்டு முப்பத்தொன்றுக்கு. கட்டடத்தின் பெயர், ஐந்தாவது மாடி, கடைசி வீடு. போனில் சார்ஜ் தீரப்போகிறது, காத்திருக்கிறேன்.

முக்கால் மணி நேரம் என்றால் மூன்று பதிமூன்று. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள், எத்தனை தடவை எண்ணினாலும் அதேதான் வந்தது.

தம்பியைக் கூப்பிட்டாள். அவன் ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டுக் கதவுக்குப் பூட்டு மாற்றிக்கொண்டிருந்தான். துளைபோடும்போது அவன் போன் எடுக்க மாட்டான், அது அவளே போட்ட விதி. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மணி அடித்தது. ஐந்தாவதும் அடித்தது. இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று பதினோரு வருடத்தில் அவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள். எட்டாவதில் வைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டாள். ஒரு மனிதர் எடுத்தார், விலாசத்தைத் திருப்பிச் சொன்னார், வண்டி ஒன்று வெளியே போயிருக்கிறது, இன்னொன்று வர இருபது நிமிடம் ஆகும் என்றார். அந்தக் கட்டடம் கடையிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை.

கடையில் ஒரு மாதிரிக் கதவு நிற்கும். சட்டத்தோடு, பூட்டோடு, வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக. வேலை இல்லாத நேரத்தில் அக்கா அதை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் திறந்து பழகுவாள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் தகட்டைச் செருகி, பூட்டின் நாக்கைப் பின்னால் தள்ள வேண்டும். உள்ளேயிருந்து தாழ் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தால் மட்டும்தான் திறக்கும். தம்பிக்கு இருபது விநாடி. அக்காவுக்கு ஒன்றரை நிமிடம், அதுவும் பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால். நிஜக் கதவு ஒன்றைக்கூட அவள் திறந்ததில்லை. மாதிரிக் கதவின் மேல் தொங்கிய தகட்டைப் பிடுங்கிக்கொண்டு, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினாள்.

நாற்பத்தொன்பது வயதில் ஓடுவது என்றால் என்ன என்று ஓடியவர்களுக்குத்தான் தெரியும். மருந்துக் கடை முனையில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், பலகைமேல் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒரு தம்பதி நடுப் பலகையில் நின்று எதையோ விவாதித்தது. அக்கா அவர்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து போனாள். செருப்பின் வார் அறுந்தது, இரண்டையும் கழற்றி எறிந்தாள். பாட்டில்கள் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும், மேலே ரப்பர் இருக்கும். தண்ணீர் வற்றினால் முதலில் ரப்பர் உருகும், அப்புறம் புகை வரும். ஐந்து மாதக் குழந்தையின் நெஞ்சுக் கூடு எவ்வளவு இருக்கும்? உள்ளங்கை அளவு. அதற்குமேல் நினைக்காமல் இருக்க அவள் தன் அடிகளை எண்ணிக்கொண்டே ஓடினாள்.

கட்டடத்தின் வாசலில் காவலாளி வருகைப் புத்தகத்தைத் தள்ளி, பெயர், விலாசம், போன் நம்பர் என்றார். அஞ்சாவது மாடியில தீ என்று அக்கா சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அங்கேயிருந்து யாரும் ஒண்ணும் சொல்லலையே, சத்தம்கூட இல்லையே என்றார். அவள் பதில் சொல்ல நிற்கவில்லை. லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்றது. படியேறினாள், மூன்றாவது மாடியில் கண் இருட்டியது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

கடைசி வீட்டு வாசலை நெருங்கும்போதே நாற்றம் அடித்தது. கதவுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் மெல்லிசாகப் புகை. உள்ளே குழந்தை அழுதது. அழுகிறது என்றால் உயிர் இருக்கிறது. பக்கத்து இரண்டு வீட்டிலும் வெளிப்பூட்டு தொங்கியது, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

தகட்டைச் செருகினாள். பாதி போய் நின்றது. கீழிருந்து மேலே இழுத்தாள், மேலிருந்து கீழே இழுத்தாள். தோளால் கதவைத் தள்ளிக்கொண்டே அசைத்தாள். தகடு நாக்கில் முட்டியது, நாக்கு நகரவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தால் இந்தத் தகடு வெறும் குப்பை. வியர்வையில் விரல் வழுக்கியது. குழந்தை அழுதுகொண்டே ஒருமுறை இருமியது.

அப்போது போன் அடித்தது. தம்பி. போனைத் தரையில் போட்டுச் சத்தமாக வைத்தாள். மூன்று வாக்கியத்தில் சொன்னாள். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"கதவைத் தள்ளிக்கிட்டு இருக்கியா?"

"ஆமாடா."

"தள்ளாதே. தள்ளினா நாக்கு இறுகும். கைப்பிடியை உன் பக்கமா இழு, இழுத்துப் பிடிச்சுக்கிட்டே தகட்டை உள்ளே விடு. மெதுவா, அக்கா. நம்ம கதவுதான்னு நினைச்சுக்கோ."

அவசரத்தில் உலகமே கதவைத் தள்ளத்தான் தள்ளும். மாதிரிக் கதவில் இழுத்துத்தான் அவளும் பழகியிருந்தாள், நிஜக் கதவுக்கு முன்னால் அது மறந்தே போனது. கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். தகடு இரண்டு அங்குலம் உள்ளே போயிற்று. நாக்கு விலகியது. கதவு திறந்த வேகத்தில் அவள் உள்ளே விழுந்தாள்.

சமையலறையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அடுப்பை அணைத்தாள். பாத்திரத்துக்குள் பாட்டில்கள் உருகிக் கட்டியாகக் கிடந்தன, பாத்திரத்தின் பிடி எரியத் தொடங்கியிருந்தது. ஈரத் துணியை மேலே போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடினாள். காற்றுக்காகத் தொட்டிலைப் பால்கனிக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். குழந்தை முகமெல்லாம் சிவந்து கையைக் காலை உதறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தொட்டிலிலிருந்து ஒரு முழ தூரத்தில், அதன் அப்பா நெற்றியைக் கண்ணாடியில் வைத்து மண்டியிட்டிருந்தார். முப்பது வயது இருக்கும். வெயிலில் முகம் வெந்திருந்தது.

அக்கா குழந்தையை அள்ளிக்கொண்டு கொக்கியைத் திருகினாள்.

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு பால்கனித் தரையிலேயே உட்கார்ந்தார். அதன் முதுகைத் தடவினார், மூக்கைத் துடைத்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு கிடங்கின் தகரக் கூரையும் அதன்மேல் ஓயாமல் இரைகிற நான்கு பெரிய விசிறிகளும் தெரிந்தன. அங்கே நின்று கத்தினால் அவருக்கே கேட்டிருக்காது. கொஞ்ச நேரத்தில் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், ஜன்னல்களைத் திறந்தார்கள், குழந்தையின் கண்ணையும் மூச்சையும் பார்த்தார்கள், பயமில்லை, சாயங்காலம் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களோடு ஏறி வந்திருந்த காவலாளியும் அவர்கள் பின்னாலேயே இறங்கினார்.

பிறகு குழந்தையின் அப்பா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். வெறுங்காலையும், காலில் வடிந்த ரத்தத்தையும் பார்த்தார்.

"ஓடியே வந்தீங்களா? வழியில ரொம்ப நெரிசலோ?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சாலையைத் தோண்டிப் போட்டது நிஜம், பலகைமேல் போனது நிஜம். ஆமாம் சார், ரோடு அப்படி என்று சொல்லிவிட்டுப் போனால் அவர் நட்சத்திரம்கூடப் போடுவார். அக்காவுக்கு அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நாக்கு நுனிவரை வந்தது.

"நெரிசல் இல்லைங்க. நான் மூணு பத்துக்குத்தான் உங்க செய்தியையே பாத்தேன்."

அவருக்குப் புரியவில்லை. கிளம்பிட்டோம்னு உடனே பதில் போட்டீங்களே என்றார். யாரும் கிளம்பவில்லை என்றாள் அக்கா. அப்போ அந்தப் பதிலைப் போட்டது யார் என்று கேட்டார்.

"நான்தான். மூணு மாசத்துக்கு முன்னாடி எழுதி வெச்சது."

அவர் எழுந்து உள்ளே போய்ப் போனைச் சார்ஜில் மாட்டினார். அது உயிர் பெறும்வரை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார். அக்கா சுவரோரம் நின்றாள், உட்காரத் தைரியம் வரவில்லை. போன் திறந்ததும் ஒரு விரலால் ஏதோ அடித்தார். அக்காவின் போன் அவள் கையில்தான் இருந்தது, அது மூச்சு விடவில்லை. அவர் போனில் மட்டும் டிங் என்றது. அவர் அதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஹலோ என்று அவர் கேட்டிருந்தார். வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. கிளம்பிவிட்டோம். பதற்றப்பட வேண்டாம்.

கிளம்பியவள் என்று சொல்லப்பட்டவள் அவர் வீட்டு ஹாலில், அவருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

பால்கனி மூலையில் ஒரு செடித்தொட்டி, மண்ணெல்லாம் கொட்டிச் சாய்ந்து கிடந்தது. அவர் அதைக் காட்டினார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அதைத் தூக்கிட்டேன், கண்ணாடியை உடைக்க. குழந்தைமேல சில்லு தெறிக்கும், பரவாயில்லை, முகத்துல படாத மாதிரி ஓரமா அடிக்கலாம்னு பாத்துக்கிட்டிருந்தேன். அப்பதான் உங்க பதில் வந்துச்சு. பதற்றப்பட வேண்டாம்னு. கீழே வெச்சிட்டேன். புகை வந்தப்பக்கூட, இதோ வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்கன்னு உக்காந்திருந்தேன். மறுபடி தூக்கலாம்னா கையில பலமே இல்லை."

அக்கா அழுதாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வந்தது, மருத்துவமனைப் பெட்டிகூட அதைத்தான் அழகாகச் சொல்லும் என்று தோன்றியதும் விழுங்கிக்கொண்டாள். ஒன்பது நிமிடம் தன் குரலைக் கேட்டு நின்றவளுக்கு, முக்கால் மணி நேரத்துக்கு மேல் அதே பொய்யை நம்பி ஒருவன் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மாத்துங்க," என்றார் அவர். "இப்பவே. நான் பாக்கணும்."

அக்கா நின்றபடியே அநாதையின் கட்டத்தைத் திறந்தாள். பழைய வரிகளை அழித்தாள். வணக்கம் என்று ஆரம்பித்து அதையும் அழித்தாள். வணக்கத்துக்கு நேரம் இல்லாதவர்கள்தான் இங்கே வருகிறார்கள். பிறகு விறுவிறுவென்று அடித்தாள். இங்கே யாரும் இல்லை. காத்திருக்காதீர்கள். கத்துங்கள், கதவைத் தட்டுங்கள், கண்ணாடியை உடையுங்கள். தீ என்றால் முதலில் தீயணைப்பைக் கூப்பிடுங்கள். பூட்டு என்றால் இந்த எண். கீழே புது எண்ணைப் போட்டாள், ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தாள்.

அவர் மறுபடி ஹலோ என்று அனுப்பினார். டிங் என்றது. மெதுவாக, உதடு அசைய, முழுதும் படித்தார். நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, கடைசியில் இருந்த எண்ணை விரலால் அழுத்தினார்.

அக்காவின் கையில் போன் அடித்தது. இருவருக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லை. முதல் மணி முடிவதற்குள் அவள் அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"பூட்டுக்கடை. சொல்லுங்க."

அவர் அவளைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தார். அது தன் கை முழுவதையும் வாய்க்குள் திணித்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவர் போனை இறக்கவில்லை.

"குழந்தைக்குப் பால் கொடுக்கணும்," என்றார் போனுக்குள். "பாட்டில் ஒண்ணுகூட இல்லை."

"மருந்துக் கடை முனையில இருக்கு. பத்து நிமிஷத்துல வரேன்," என்றாள் அக்கா. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, கதவைத் தாண்டி, முதல் படியில் வெறுங்காலை வைத்த பிறகுதான் சொன்னாள்: "கிளம்பிட்டேன்."